மலையகத்தில் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: பேரியம் எனிமா விடையாகுமா?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இலங்கையில் ஆண்களிடமும் பெண்களிடமும் அதிகம் காணப்படும் முதல் ஐந்து புற்றுநோய்களுக்குள் வந்து சில காலமாகிறது. மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே தேட 1996 முதல் பெண்களுக்கான கிளினிக்குகள் நடக்கின்றன. வெற்றிலை மெல்லுகிறவர்களின் வாயைத் திறந்து பார்க்கும் பழக்கமும் தோட்டங்கள்வரை ஓரளவு வந்திருக்கிறது. குடலுக்கு மட்டும் நாடளாவிய ஒழுங்கான முன்பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லை. நோய் தானாக வெளியே வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்கிறோம்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து நண்பர்களுடன் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "கொலனோஸ்கோபிக்கு ஆள் இல்லை, மெஷின் இல்லை, திகதி கிடைக்க மாதக்கணக்கு ஆகிறது. எக்ஸ்ரே மெஷின்தான் மாவட்டத்திலேயே இருக்கிறதே. பேரியம் எனிமா செய்து எல்லாரையும் பார்த்துவிட்டால் என்ன?" பொறுப்புள்ள கேள்வி இது. இருப்பதை வைத்து ஏதாவது செய்வோம் என்ற நினைப்பிலிருந்து பிறந்தது. பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் மருந்தில்லாமல் மருத்துவம் நடந்ததைக் கண்டவர்களுக்கு அந்த நினைப்பு நன்றாகவே புரியும். ஆகவே இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தேட முயல்கிறேன். நான் வைத்தியன் அல்லன். மலையகத்தில் வேரும் வன்னியில் வீடும் உள்ள ஒரு குடும்பத்திலிருந்து எழுதுபவன்.

பேரியம் எனிமா என்றால் என்ன?

பேரியம் சல்பேற் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் ஒரு பொருள். அதைத் தண்ணீரில் கலந்து மலவாசல் வழியாகக் குழாயால் பெருங்குடலுக்குள் செலுத்துவார்கள். பிறகு காற்றும் செலுத்தப்படும். குடலின் உட்சுவரில் வெள்ளைப் பூச்சாகப் பேரியம் படிய, நோயாளியை மேசையில் இடமும் வலமும் புரட்டிப் பல படங்கள் எடுப்பார்கள். சுவரில் கட்டியோ, சதைவளர்ச்சியோ, சுருங்கிய இடமோ இருந்தால் படத்தில் நிழலாகத் தெரியும். மயக்க மருந்து தேவையில்லை. குடலில் ஓட்டை விழும் ஆபத்து கொலனோஸ்கோபியைவிடக் குறைவு. இவை அதன் நன்மைகள்.

குடல் புற்றுநோய் பெரும்பாலும் சிறிய சதைவளர்ச்சியாகத் தொடங்குகிறது. அது புற்றுநோயாக மாறச் சுமார் பத்து வருடங்கள்வரை ஆகலாம். அந்தக் காலத்துக்குள் அதைக் கண்டு வெட்டி எடுத்தால் புற்றுநோயே வராது. முன்பரிசோதனையின் பலன் இங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒரு பரிசோதனை சதைவளர்ச்சியை எவ்வளவு கண்டுபிடிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதில் பேரியம் எனிமா தோற்றுவிட்டது. ஏற்கெனவே சதைவளர்ச்சி அகற்றப்பட்டவர்களுக்கு இரண்டு பரிசோதனைகளையும் செய்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. கொலனோஸ்கோபியில் சதைவளர்ச்சி தெரிந்த சந்தர்ப்பங்களில் 39 வீதத்தில் மட்டுமே பேரியம் எனிமா எதையாவது காட்டியது. ஒரு சென்ரிமீற்றரைவிடப் பெரியவற்றில்கூட 48 வீதம்தான். அதாவது ஆபத்தான அளவுக்கு வளர்ந்தவற்றிலும் பாதிக்கு மேல் தவறிப்போயின. பிரித்தானியாவில் நோய் அறிகுறி உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. பேரியம் எனிமா செய்த குழுவில் இருந்த 85 புற்றுநோய்களில் 12 தவறவிடப்பட்டிருந்தன. ஏழு பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். சீ.ரி. ஸ்கான் மூலம் குடலைப் பார்த்த குழுவில் அது ஏறத்தாழ அதில் பாதி.

இதனால்தான் 2008இல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்யலாம் என்று பேரியம் எனிமாவையும் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், 2018இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இன்னொரு குறையும் உண்டு. பேரியம் படத்தில் ஏதாவது தெரிந்தால் அதை அப்படியே வெட்டவோ, துண்டெடுத்துச் சோதிக்கவோ முடியாது. மறுபடியும் கொலனோஸ்கோபிக்குத்தான் போக வேண்டும். எந்த வரிசையைத் தவிர்க்க நினைத்தோமோ அதே வரிசையில்தான் போய் நிற்போம். இடையில் கதிர்வீச்சும் உடம்பில் ஏறியிருக்கும். சாதாரணமாக இரண்டு மூன்று வருடங்களில் இயற்கையிலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவு அது.

லயத்திலிருந்து பார்த்தால்

மருத்துவக் கட்டுரைகளில் வராத ஒரு தடையும் இருக்கிறது. அது குடலைச் சுத்தப்படுத்துவது.

பேரியம் எனிமாவாக இருந்தாலும் கொலனோஸ்கோபியாக இருந்தாலும் முதல்நாள் பேதி மருந்து குடிக்க வேண்டும். குடல் முழுதாகக் கழுவப்படும்வரை பத்துப் பன்னிரண்டு தடவை மலசலகூடம் போக வேண்டிவரும். சுத்தமான தண்ணீர் லீற்றர் கணக்கில் குடிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே கழிவறை உள்ளவருக்கு இது ஓர் அசௌகரியமான இரவு, அவ்வளவுதான். பல குடும்பங்கள் பங்கிடும் மலசலகூடம் லயத்துக்கு வெளியே, சரிவில், மழையில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். 55 வயதுப் பெண் ஒருவர் இரவில் டோர்ச் லைட்டோடு பன்னிரண்டு தடவை அங்கே போய்வர வேண்டும். பக்கத்துக் காம்பராவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வெட்கம் ஒரு பக்கம், வழுக்கி விழும் பயம் ஒரு பக்கம். சுத்தம் சரியாக நடக்காவிட்டால் படமும் சரியாக வராது. "திரும்ப வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது சம்பளம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, வரவுக் கொடுப்பனவாக அரசாங்கத்தின் 200 ரூபாவும் சேர்த்து 1750 ரூபா என்று அறிவித்தது. நல்லது. ஆனால் வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, அந்த 200 ரூபாவும் இல்லை. வைத்தியரைக் காண ஒரு நாள், குடலைச் சுத்தப்படுத்த ஒரு நாள், பரிசோதனைக்கு ஒரு நாள், முடிவை எடுக்க ஒரு நாள். நான்கு நாட்களுக்கு 7000 ரூபா போய்விடுகிறது. துணைக்கு வருபவருக்கு இரண்டு நாள் என்றால் இன்னும் 3500 ரூபா. பஸ் காசையும் சாப்பாட்டையும் சேர்க்காமலே 10,500 ரூபா. உடம்பில் எந்த வருத்தமும் தெரியாத ஒருவரிடம், "வருமுன் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி இந்தத் தொகையைக் கேட்கிறோம்.

மூன்றாவது பாதை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது வீதிகளும் ரயில் பாதையும் எப்படி அறுந்துபோயின என்று பார்த்தோம். அனர்த்தம் இல்லாத நாளிலும் மேல் டிவிஷனிலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதே பலருக்கு ஒரு பயணம்.

நான்காவது மொழி. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள் சிங்களம், தமிழ் இரண்டிலும் இயங்க வேண்டியவை என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுப் பல வருடங்களாகின்றன. என்றாலும் கிளினிக்கில் கொடுக்கும் துண்டு எந்த மொழியில் இருக்கிறது என்று அங்கே போய்வருகிறவர்களைக் கேளுங்கள். எதை எத்தனை மணிக்குக் குடிக்க வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்பது புரியாவிட்டால் இந்தப் பரிசோதனையே வீண்.

"மூலம்" என்ற சொல்

என் மாமா ஒருவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவாத்து வேலை செய்தவர். மலத்தோடு இரத்தம் போனது. மூலம் என்றார்கள், களிம்பு கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் அப்படியே போனது. மெலிந்தார். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கிடைத்தது. கடைசியில் வேறோர் ஊரில் ஒரு வைத்தியர் கையுறை போட்டு விரலால் பார்த்தபோது, கட்டி விரலுக்கே எட்டியது. அதற்குள் நோய் ஈரல்வரை போயிருந்தது. ஒன்றரை வருடத்தில் மாமாவைப் பார்த்த ஒருவரும் அந்த ஒரு நிமிடப் பரிசோதனையைச் செய்திருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்க வெட்கம்.

இதை எழுதுவது யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. மலையகத்தில் இந்த நோய் எந்தப் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்று காட்டத்தான். இரத்தம் போனால் மூலம். களைப்பு என்றால் வேலைக் களைப்பு. பெண்ணுக்கு இரத்தச்சோகை என்றால் மாதவிடாய், பூச்சி, அல்லது சாப்பாடு போதாமை. பெரும்பாலும் அவை உண்மையாகவும் இருக்கும். பெருங்குடலின் வலப்பக்கத்தில் வளரும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாக இரத்தம் கசிந்து, இரத்தச்சோகையாக மட்டுமே வெளியில் தெரியும். இரத்தச்சோகை சர்வசாதாரணமாக இருக்கும் சமூகத்தில் இதைப் பிரித்துக் காண்பது கடினம். எனவேதான் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, 50 வயது கடந்த ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல் குடலையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது.

நூறு வருடத்துக்கு முன் செய்தது

பேரியம் எனிமா வேண்டாம் என்றால் வேறு என்ன? உலகின் பல நாடுகள் இன்று நம்பியிருப்பது ஒரு சிறிய மலப் பரிசோதனையை. ஆங்கிலத்தில் சுருக்கமாக ஃபிட் என்பார்கள். ஒரு குச்சியால் மலத்தைத் தொட்டுச் சிறு குழாய்க்குள் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். மலத்தில் மனித இரத்தம் கலந்திருக்கிறதா என்று ஆய்வுகூடம் சொல்லும். பேதி மருந்து வேண்டாம், பத்தியம் வேண்டாம், ஒரு நாள் பேரும் இழக்க வேண்டாம். இதன் பழைய வடிவமான மலப் பரிசோதனையை வருடாவருடம் செய்தபோது குடல் புற்றுநோய் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஆய்வு 1993இலேயே காட்டியது. ஃபிட் அதைவிடத் துல்லியமானது.

ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உங்கள் உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். ஐம்பது வயது தாண்டியவர் என்றால் பெரும்பாலும் அந்தச் சிறு பொதி அவர் வீட்டுத் தபாற்பெட்டிக்கே வந்திருக்கும். ஒன்ராறியோ மாகாணமும் இங்கிலாந்தும் 2019இல் ஃபிட்டுக்கு மாறின. பணக்கார நாடுகளுக்குத்தான் இது முடியும் என்றும் சொல்ல முடியாது. தாய்லாந்தின் லம்பாங் மாகாணத்தில் 2011இல் தொடங்கிய திட்டத்தில் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வழியாக ஃபிட் கொடுத்தபோது, அழைக்கப்பட்டவர்களில் அறுபது வீதத்துக்கும் மேற்பட்டோர் செய்தார்கள்.

மலையகத்துக்கு இது புதிதும் அல்ல. 1910களின் நடுப்பகுதியில் ரொக்கபெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் நடந்தது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கி, தொழிலாளர்களின் மலத்தைச் சேகரித்து நுணுக்குக்காட்டியில் பார்த்து மருந்து கொடுத்தார்கள். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சினால் ஆள் வேலை செய்யமாட்டான் என்பது துரைமாருக்கும் தெரிந்திருந்தது. தொழிலாளியின் உழைப்புக்காக நூறு வருடத்துக்கு முன் லயம் லயமாக மலம் சேகரிக்க முடிந்த நாட்டில், தொழிலாளியின் உயிருக்காக இன்று அதைச் செய்ய முடியாது என்பதை ஏற்க முடியவில்லை.

இன்னொரு சிறு அனுகூலமும் உண்டு. வெப்பத்தில் வைத்தால் ஃபிட் மாதிரியில் உள்ள இரத்தப் புரதம் சிதைந்துவிடும். இரத்தம் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். கிளிநொச்சியின் வெயிலில் இது பெரிய சிக்கல். நுவரெலியாவின் குளிரில் அது குறைவு. ஆனால் மாதிரிகளை வெயிலில் நிற்கும் வாகனத்தில் கொழும்புக்கு அனுப்பினால் அந்த அனுகூலம் போய்விடும். மாவட்டத்துக்குள்ளேயே சோதிக்க வேண்டும்.

இயந்திரம் மட்டும் போதாது

அப்படியானால் நாளைக்கே எல்லாருக்கும் ஃபிட் கொடுத்துவிடலாமா? இல்லை. 1968இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்பரிசோதனை விதிகளில் ஒன்று, கண்டுபிடித்த நோயை உறுதிசெய்யவும் சிகிச்சை அளிக்கவும் வசதி இல்லாமல் முன்பரிசோதனை தொடங்கக் கூடாது என்பது. ஃபிட்டில் இரத்தம் என்று வந்தவருக்குக் கொலனோஸ்கோபி கட்டாயம். அதற்கு வழி இல்லாமல் "உங்களுக்கு ஏதோ இருக்கலாம்" என்று சொல்லி லயத்துக்கு அனுப்புவது கொடுமை.

ஆனால் இங்கே ஒரு நெகிழ்வு உண்டு. எவ்வளவு இரத்தம் இருந்தால் கொலனோஸ்கோபிக்கு அனுப்புவது என்ற எல்லையை நாமே தீர்மானிக்கலாம். ஸ்கொட்லாந்து ஒரு கிராம் மலத்துக்கு 80 மைக்ரோகிராம் என்று தொடங்கியது. கொலனோஸ்கோபி வசதி போதாத இங்கிலாந்து 120 என்று வைத்தது. இருக்கும் வசதிக்குத் தக்கபடி தொடங்கி, வசதி கூடக்கூட எல்லையைக் குறைக்கலாம். அதற்கு முன்னரே, இரத்தம் போகிறது என்று வருகிறவர்களில் யாரை அவசரமாக அனுப்புவது என்று தெரிவு செய்யவும் ஃபிட் உதவும். பிரித்தானியாவில் 2023 முதல் அப்படிச் செய்யும்படி வழிகாட்டல் உண்டு. நமக்கு முதற்படி அதுவாக இருக்கலாம் என்பது என் கருத்து.

டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் 150 கட்டில் கொண்ட புதிய கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நோர்வூட் மைதானம் நிரம்பி வழிந்தது. கட்டடம் அவசியமானதுதான். அதற்குள் என்ன நடக்க வேண்டும் என்று இப்போது பேசலாம்.

ஒன்று, கொலனோஸ்கோபிக்கு வருபவரை முதல்நாளே வைத்தியசாலையில் தங்கவைத்துக் குடலைச் சுத்தப்படுத்த வேண்டும். சில கட்டில்களும் சுத்தமான கழிவறைகளும் போதும். லயத்து இரவின் அவமானம் இல்லாமல் போகும். இரண்டு, பரிசோதனை நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு. இதைத் தோட்டக் கம்பனிகளுடனான பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். நாட்சம்பள எண்ணைச் சுற்றியே எல்லாப் போராட்டமும் நின்றுவிடக் கூடாது. மூன்று, அறிவுறுத்தலும் முடிவும் தமிழில். நான்கு, இரத்தம் போகிறது என்று வரும் ஒவ்வொருவருக்கும் விரல் பரிசோதனை. பெண்ணுக்குப் பெண் பணியாளர் அருகில் இருக்க, மறைப்போடு. இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து சேர்த்த பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு உதவியது. பொதுமக்கள் நினைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் "ஒரு ஸ்கோப் மெஷின் வாங்கித் தருகிறோம்" என்று தொடங்குகிறவர்கள், அதைக் கழுவிக் கிருமி நீக்கும் கருவிக்கும், பயிற்சி பெற்ற தாதிக்கும், பழுதுபார்க்கும் ஒப்பந்தத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அவை இல்லாத இயந்திரம் ஒரு வருடத்தில் துணி மூடிக் கிடக்கும்.

நமக்கும் இது பொருந்தும்

இது மலையகத்தின் பிரச்சினை மட்டும் என்று வடக்கில் இருப்பவர்கள் நினைக்கத் தேவையில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள் நம்மோடு இருக்கிறார்கள். 2009இல் அவர்களும் சேர்ந்துதான் எல்லாவற்றையும் இழந்தார்கள். போரில் பட்ட காயம் கண்ணுக்குத் தெரிந்தது, தூக்கிக்கொண்டு ஓடினோம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, நோயைக் கண்டுபிடித்தும் மேலதிக சிகிச்சைக்குப் போக வழியில்லாமல் நின்றவர்களையும் கண்டோம். இன்று பாதை திறந்திருக்கிறது. காயம்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

அமெரிக்கப் புள்ளிவிபரங்களின்படி, குடலுக்குள்ளேயே நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடம் கடந்தும் வாழ்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பின் என்றால் அது ஏழில் ஒருவர் அளவுதான். இரண்டுக்கும் இடையில் இருப்பது காலம்.

ஆகவே, பேரியம் எனிமா செய்யும்படி வைத்தியர் உங்களுக்குச் சொல்லியிருந்தால் பயந்து விட்டுவிடாதீர்கள். கொலனோஸ்கோபி முடியாத இடத்தில், அறிகுறி உள்ளவருக்கு அது இன்னும் பயன்படும். செய்த பிறகு நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஓரிரு நாள் மலம் வெள்ளையாகப் போகும். படத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தும் இரத்தம் நிற்காவிட்டால், "ஒன்றும் இல்லை" என்ற தாளை நம்பி வீட்டில் இருக்காதீர்கள், திரும்பப் போங்கள். மலத்தில் இரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத மெலிவு, காரணம் தெரியாத இரத்தச்சோகை இவற்றில் எது இருந்தாலும் வைத்தியரிடம் சொல்லி, விரலால் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சகோதரத்துக்கோ இந்த நோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம் இதில் எதுவும் இல்லை.